ஒன்பது வாரச் சிரிப்பு

அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு உள்ளே இழுபடும், அதுதான் அடையாளம், தண்ணீரில் முங்கி எழுந்த பிள்ளை காற்றைப் பிடிப்பது போல ஒரு ஹீக், அதன் பிறகுதான் மற்ற நாற்பது பேரின் சிரிப்பும் எழும்பும், நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், கூடத்தில் டிவி ஓடுகிறது, எவனோ ஒருவன் பெண் வேஷம் கட்டிக்கொண்டு மாடிப்படியில் வழுக்கி விழுகிறான், ஹீக், கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், ரிமோட்டைக் காணோம், சோபா இடுக்கில் கையை விட்டுத் துழாவுகிறேன், அதற்குள் அவன் இரண்டாம் முறை விழுகிறான், மறுபடி ஹீக், மறுபடி ஜான்சி சிரிக்கிறாள், என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதிமூன்று வயது ஜான்சி, ஏம்மா நல்லாத்தானே போயிட்டிருக்கு எதுக்கு ஆஃப் பண்றே என்று என் மகள் கத்துகிறாள், இந்தக் கூத்தெல்லாம் எனக்குப் பிடிக்காது என்கிறேன், அது பொய், எனக்குக் கூத்து பிடிக்கும், பிடித்துத் தொலைத்ததால்தான் இத்தனையும் வந்தது.

இருபத்து மூன்று வருடங்களாக அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், எந்த சேனலில் எந்த நேரத்தில் என்று முன்கூட்டித் தெரியாது, சில சமயம் ஆறு மாதம் வரை கேட்காது, சரி, தேய்ந்து போயிருக்கும், தொலைந்திருக்கும் என்று நினைப்பேன், பிறகு ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், யாரோ யாரையோ மட்டையால் அடிப்பார்கள், அவள் சிரிப்பாள், ஒலிப்பதிவாளர் எபினேசர் அவள் சிரிப்பைப் பிடித்த டேப்பை யாருக்குக் கொடுத்தாரோ, அவர் யாருக்குக் கொடுத்தாரோ, எந்தத் தொடருக்காக அதை எடுத்தார்களோ அந்தத் தொடர் ஒன்பது வாரத்தில் செத்துப் போயிற்று, அதன் பெயரைச் சொன்னால் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, எட்டு-பி டீச்சர், புதன்கிழமை இரவு ஏழரை மணி, அரை மணி நேரம், விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம், மயிலாப்பூரிலிருந்து மாற்றலாகி வடசென்னைப் பள்ளிக்கு வரும் ஒரு டீச்சரும் அவளை ஆட்டி வைக்கும் பிள்ளைகளும், அதுதான் கதை, அந்த டீச்சர் நான், அதாவது நான் நடிக்கவில்லை, நடித்தவள் சுகந்தி என்றொரு பெண், நல்ல பெண், ஆனால் அவள் வாயில் வந்ததெல்லாம் என் வகுப்பில் நடந்தது, நான் சொல்லிக் கொடுத்தது.

புளியந்தோப்பில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு பி பிரிவு, மழை வந்தால் கரும்பலகை வரை சாரல் அடிக்கும், ஒரு சனிக்கிழமை அங்கே எபினேசர் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக நிற்கிறார், பக்கத்தில் டைரக்டர் குமரகுரு, என் தம்பியோடு கல்லூரியில் படித்தவன், வெளிநாட்டு டேப்புல இருக்கற சிரிப்பு நமக்கு ஒட்டவே மாட்டேங்குதுக்கா, வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறான், நம்ம பசங்க சிரிப்பு வேணும், ஒரு மணி நேரம் குடுங்க, என்று கேட்டு, தலைமையாசிரியைக்கு இரண்டு மின்விசிறி வாங்கித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான், பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு, எனக்குச் சொல்லியா தர வேண்டும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைமையாசிரியை போலவே நடக்கிறேன், அவர் பிரேயரில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதை நடிக்கிறேன், கண்ணாடி அவர் தலையிலேயே இருக்கிறது, வகுப்பு அதிர்கிறது, எல்லோருக்கும் முன்னால் ஒரு ஹீக், எபினேசர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, யாரும்மா அது, இந்தப் பொண்ணு ஒண்ணு சிரிச்சா ஊரே சிரிச்ச மாதிரி இருக்கு, கிட்ட வந்து உக்காரும்மா, என்று மைக்கை ஜான்சியின் பக்கம் நகர்த்துகிறார், அவள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு மேலும் சிரிக்கிறாள், அன்றைக்கு அந்த வகுப்பில் நானும்தான் சந்தோஷமாக இருந்தேன், இல்லையென்று சொன்னால் வாய் வேகும்.

என் பெயர் டிவியில் வரவில்லை, வரக்கூடாது, மாநகராட்சி டீச்சர் வெளி வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும், அனுமதி கேட்டால் மூன்று வருடம் ஃபைல் சுற்றும், அதனால் கடைசியில் எழுத்துகள் ஓடும்போது எல்லோர் பெயரும் வந்தது, சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர் கூட வந்தது, என் பெயர் மட்டும் இல்லை, அது என்னை எப்படி அரித்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது, ஊர் முழுக்க நான் சொன்ன கதைக்குச் சிரிக்கிறது, எனக்கே தெரியாத மாதிரி நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும், தாங்க முடியவில்லை, முதல் வாரம் ஓடியதற்கு மறுநாள் காலை வருகைப்பதிவு எடுத்து முடித்ததும் வகுப்பில் சொல்லிவிட்டேன், நேத்து டிவியில பாத்தீங்களா, அது நம்ம கிளாஸ்தான், டீச்சர்தான் சொன்னேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாற்பது பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றால் என்ன அர்த்தம், மாலைக்குள் கால்வாயின் இரண்டு கரைக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு அதுதானே வேண்டியிருந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமைகள் திருவிழாவாயின, இந்த வாரம் வந்தவன் நான்தான் என்று ஒருவன், இல்லை அது நான் என்று இன்னொருத்தி, டிவியில் பெயரை மாற்றியிருப்பார்கள், யாருடைய கதை என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு, தங்கள் கதை வராத பிள்ளைகளுக்கு ஏக்கம், பரிமளா என்றொருத்தி வேண்டுமென்றே மைப்புட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்று, டீச்சர் இத்த சொல்லுவீங்களா டீச்சர், என்று கேட்டாள், நான் சிரித்தேன், சொல்கிறேன் என்றேன், குமரகுரு வாரம் தவறாமல் சனிக்கிழமை போன் செய்வான், அக்கா வேற என்ன இருக்கு, சேனல்ல சூடு பத்தலைங்கறாங்க, இன்னும் ஏதாவது, யாரும் யோசிக்காததா, என்பான், என் பை காலியாகிக்கொண்டே வந்தது, பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதில் ஏதாவது தேறுமா என்று என் கண் தேட ஆரம்பித்திருந்தது, ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால்கூட.

ஒரு நாள் சத்துணவில் முட்டை போட்டிருந்தார்கள், மதியம் கணக்குப் பாடம், வட்டம் வரைய காம்பஸ் வேண்டும், ஜான்சியிடம் ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்டேன், அவள் தரவில்லை, இல்ல டீச்சர் காம்பஸ் உடைஞ்சிட்ச்சி டீச்சர், என்று மார்போடு அணைத்துக்கொண்டாள், கொடு என்று பிடுங்கித் திறந்தேன், அவித்த முட்டை உருண்டு மேஜை மேல் ஓடிக் கீழே விழப் போயிற்று, வகுப்பு சிரித்தது, அவளும் அந்த ஹீக்கோடு சேர்ந்து சிரித்தாள், தன்னைப் பார்த்துத் தானே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் வலிக்காது என்பது அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, மணி அடித்த பிறகு அவளை நிறுத்தி, யாருக்குடி எடுத்துட்டுப் போறே, என்று கேட்டேன், எங்கம்மாவுக்கு டீச்சர், டிபி ஆஸ்பத்திரில முட்ட துன்னச் சொன்னாங்க, ஆறு மாசம் மாத்திர போடணுமாம், அம்மா கெல்லீஸ்ல ரெண்டு வூட்ல வேல செய்து, தெரிஞ்சா நிறுத்திடுவாங்கன்னு சொல்லாம போவுது, இருமல் வந்தா சமயக்கட்டுக்கு ஓடி மிக்சிய போட்டுக்கும் டீச்சர், சும்மா, உள்ள ஒண்ணும் இல்லாமலே, அந்த சத்தத்துல இருமிக்கும், யார்கிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர், எங்கம்மா எம்மேல சத்தியம் வாங்கினுகீது. நான் அழுதேன், அவளை இழுத்து என் இடுப்போடு சேர்த்துக்கொண்டு அழுதேன், அந்த அழுகை நிஜம், அதில் கலப்படம் இல்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது வாரம் அது வந்தது, பெயரை மாத்திடு என்று குமரகுருவிடம் சொல்லியிருந்தேன், மாற்றியிருந்தான், ராணி என்று வைத்திருந்தான், என்ன பெயர் வைத்தால் என்ன, ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது, முட்டை உருண்டது, அம்மா வேஷத்தில் ஒரு குண்டான நடிகை, இருமல் வரும்போதெல்லாம் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், மிக்சியைப் போடுகிறாள், வீட்டுக்காரம்மாள் என்ன அரைக்கறே என்று கேட்கிறாள், ஒண்ணுமில்லைம்மா சட்னி, மறுபடி இருமல், மறுபடி ஓட்டம், என்ன அரைக்கறே, ஒண்ணுமில்லைம்மா சாம்பார் பொடி, என் வீட்டுக் கூடத்தில் என் கணவரும் ஆறு வயது மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன், ஆமாம் சிரித்தேன், அந்த நடிகை அவ்வளவு நன்றாக ஓடினாள், மூன்றாவது முறை மிக்சி ஓடும்போது டிவிக்குள்ளிருந்து ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது, ஹீக். என் சிரிப்பு நின்றுவிட்டது, எபினேசருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், நல்ல சிரிப்பை நல்ல இடத்தில் வைத்திருந்தார், அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார், அந்த நேரத்தில் புளியந்தோப்பில் ஜான்சி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால், தெருப் பிள்ளைகள் நடுவில், அம்மாவோடு, எழுந்து ஓட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது, ஓடவில்லை, மகள் என்னம்மா என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன், அந்த நடிகை சொன்னது போலவே.

வியாழன் அவள் வரவில்லை, வெள்ளியும் இல்லை, டீச்சர் இந்த வாரம் ஜான்சி டீச்சர், நாங்க உடனே கண்டுபுட்சிட்டோம், என்று பரிமளா குதித்தாள், சனிக்கிழமை காலை அவர்கள் தெருவுக்குப் போனேன், ஒரு அறை, வாசலில் குடங்கள், உள்ளே கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள், ஜான்சியின் அம்மா, என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவள், எலும்பெல்லாம் தெரிந்தது, ஜான்சி மூலையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள், வாங்க டீச்சர் குந்துங்க என்று பாயை விரித்தாள் கஸ்தூரி, கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது, கெல்லீஸ் வீட்டம்மா புதன்கிழமை டிவி பார்த்திருக்கிறார்கள், வியாழக்கிழமை காலையில் வாசலிலேயே நிறுத்தி, கஸ்தூரி, நம்ம வீட்டு மிக்சி ஏன் சும்மா சும்மா ஓடுதுன்னு இப்பதான் தெரியுது, நீ இனிமே வர வேண்டாம், என்று சொல்லி, அங்கிருந்தே மேல்மாடி வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்களாம். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டாயிற்று, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது, நான் அங்கே போய்ப் பேசுகிறேன் என்றேன், வாணாம் டீச்சர் என்றாள், ரெண்டு வூடு போச்சி, போனா போவுது, நாலு வூடு பாக்கலாம், அதுக்கு நான் அழுவல, ஆனா இது சிரிச்சிச்சே டீச்சர்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை, கஸ்தூரி மகளின் முதுகைக் கையால் காட்டுகிறாள், எம்பொண்ணு சிரிப்பு எனக்குத் தெரியாதா, தெருவே குந்தினு கேக்குது, நான் மிக்சிய போட்டுகினு இருமுறத பாத்து இது சிரிக்குது, ஒங்ககிட்ட எங்கதய சொன்னதும் இல்லாம, எங்கியோ போய் அத்த நடிக்கச் சொல்லி, எதுருல நின்னு சிரிச்சிட்டு வந்துகீது, கேட்டா நான் சிரிக்கலம்மா, சிரிக்கலம்மான்னு பொய் சொல்லுது, மூணு நாளா இதோட பேச்சில்ல டீச்சர், எண்ணூர்ல இதோட அத்த இறால் கம்பெனிக்குப் போவுது, அங்க அனுப்பிடப் போறேன், கண்ணு முன்னால வாணாம். நான் பாயிலிருந்து முன்னால் நகர்ந்து, இல்ல கஸ்தூரி, இல்லம்மா, அது வேற நாள் எடுத்த சிரிப்பு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, நான் ஹெச்.எம். மாதிரி நடிச்சுக் காட்டினப்ப சிரிச்சது, அதைக் கொண்டு போய் இங்க வச்சுட்டாங்க, என்று படபடவென்று சொல்கிறேன், கஸ்தூரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், சிரிப்ப எப்டி டீச்சர் தனியா எடுத்து வேற எடத்துல வெப்பாங்க, அது இன்னா கொழாத் தண்ணியா, கொடத்துல புட்ச்சி வெச்சிக்க, இத்த காப்பாத்த நீங்க சொல்றீங்க. ஜான்சி திரும்பவே இல்லை, மடித்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள், ஒரே ஒரு வாரம் குடுங்க, அந்த டேப்பையே கொண்டு வரேன், அதுவரை அவளை அனுப்பாதீங்க, என்று கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன், சரி என்றாளா இல்லையா என்று கூட நினைவில்லை, தலையை அசைத்தாள்.

சாலிகிராமத்தில் ஷூட்டிங் நடந்த இடத்தில் குமரகுரு என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை, ஒன்பதோடு முடிச்சுக்கச் சொல்லிட்டாங்கக்கா, எடுத்து வச்ச கடைசி ரெண்டையும் போட்டுட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான், இதுல யாரோ ஒரு பொண்ணு, டேப்பு, விடுங்கக்கா, என்றான், பின்னால் ஆட்கள் வகுப்பறை செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், ஒட்டுப்பலகைச் சுவர், ஒருநாளும் சாரல் படாத கரும்பலகை, வெளியே வந்து எபினேசரைத் தேடினேன், ஒரு ஸ்டூடியோவில் இல்லையென்றார்கள், இன்னொன்றில் நேற்று வரை இருந்தார் என்றார்கள், பள்ளிக்கு லீவு போட்டு நான்கு நாள் வடபழனிக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடையாய் நடந்தேன், அந்த டேப் கிடைத்துவிட்டால் போதும், அவள் திங்கட்கிழமை முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாள், அது மட்டும் நடந்துவிட்டால் இனி வாயையே திறக்க மாட்டேன் என்று போகிற வழியில் இருந்த எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன், வெள்ளிக்கிழமை ஆள் கிடைத்தார், எல்லாவற்றையும் கேட்டார், கேசட்டில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார், என் பொண்ணுக்கும் அதே வயசுங்க என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை, அதே பாய், நான் கொண்டுபோன டேப் ரெக்கார்டரை நடுவில் வைக்கிறேன், பட்டனை அழுத்துகிறேன், முதலில் என் குரல், தலைமையாசிரியை போல மூக்கால் பேசி, யாராவது என் கண்ணாடியைப் பாத்தீங்களா, என்கிறேன், பெஞ்ச் நகர்கிற சத்தம், ஒரு பையன் தலையில இருக்கு டீச்சர் என்று கத்துகிறான், பிறகு அந்த மூச்சு, ஹீக், வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது, யாரும்மா அது என்று எபினேசரின் குரல், கஸ்தூரி குனிந்து காதைப் பெட்டிக்குக் கிட்டே கொண்டுபோகிறாள், இன்னொரு தபா போடுங்க டீச்சர் என்கிறாள், போடுகிறேன், மூன்றாம் முறையும் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மெய்தான், இத்ததான் அங்க வெச்சிகிறாங்க, என்று சொல்லி மூலையில் இருந்தவளைப் பார்த்து, வாடி, என்றாள், அவ்வளவுதான், ஜான்சி ஓடிவந்து மடியில் விழுந்தாள், பத்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள், கஸ்தூரி அவள் தலையைத் தடவிக்கொண்டே, எம்பொண்ணு சிரிக்கல, எம்பொண்ணு சிரிக்கல, என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், திங்கக்கெழமை வந்துடுவே இல்ல ஜான்சி, என்று கேட்டேன்.

அவள் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள், முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பத்து நாளில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள், கோபமாகக் கேட்கவில்லை, வகுப்பில் சந்தேகம் கேட்பாளே, அதே குரலில்தான் கேட்டாள், டீச்சர், அன்னிக்கி நான் சொன்னப்ப அழுதீங்க இல்ல, அழுவும்போதே இத்த டிவில சொல்லணும்னு நெனச்சிகினீங்களா, இல்ல அப்பறமா வூட்டுக்குப் போயி நெனச்சீங்களா. கஸ்தூரியும் என்னைப் பார்த்தாள், பதில் சின்னதுதான், அப்புறம்தான்மா என்று சொல்லியிருந்தால் போதும், அவள் அதை நம்பியிருப்பாள், அவளுக்கு நம்ப வேண்டும் என்றிருந்தது, பெஞ்சுக்குத் திரும்பி வர ஒரு பாலம் போடச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை கேட்டது, ஆயிரம் பொய் சொன்ன வாய், நாற்பது பிள்ளைகளைக் கூத்தடித்துச் சிரிக்க வைத்த வாய், அந்த ஒரு பொய்க்குத் திறக்கவில்லை, கேசட் ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பியது, ஜான்சி தலையை ஆட்டினாள், சரி டீச்சர், என்றாள், எழுந்து போய் மூலையில் துணியை எடுத்தாள்.

திங்கட்கிழமை வரவில்லை, அந்த வருடம் முழுக்க வரவில்லை, எண்ணூரில் இறால் உரிக்கிற இடமெல்லாம் போய்க் கேட்டேன், ஆரணியாறு வரை போனேன், அந்தப் பெயரில் யாருமில்லை என்றார்கள், வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள், கஸ்தூரி பிழைத்தாளா, ஆறு மாதமும் மாத்திரை கிடைத்ததா, தெரியவில்லை, இப்போது ஜான்சிக்கு முப்பத்தாறு வயது இருக்கும், அவளுக்குப் பிள்ளைகள் இருக்கலாம், அவள் வீட்டிலும் டிவி ஓடலாம், ஓடும்போது அவள் என்ன செய்வாள், எழுந்து போவாளா, இருந்து கேட்பாளா, என் மகள் ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி போட்டுவிட்டாள், அந்த வேஷக்காரன் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு மறுபடி படியேறுகிறான், பீன்ஸ் பாதியில் கிடக்கிறது, நான் இந்தத் தடவை ஓடவில்லை, டிவிக்கு நேர் எதிரே போய் நிற்கிறேன், மறைக்காதம்மா என்கிறாள் மகள், அவன் கால் வழுக்கப் போகிறது, நான் சத்தமாகவே சொல்கிறேன், அழும்போதேதான் ஜான்சி, உன்னை இடுப்போடு பிடிச்சுக்கிட்டு அழும்போதே, மிக்சி டிவில நல்லா வரும்னு நெனச்சேன். டிவிக்குள் அவள் மூச்சை உள்ளே இழுக்கிறாள், சிரிக்கிறாள்.